ட்ரெய்லர் வாங்குகிறீர்களா? விலையைக் கேட்கு முன் நிறையைக் கேளுங்கள்

சென்ற மாதம் இறக்காமத்திலிருந்து ஒரு தம்பி என்னுடைய உதிரிப்பாகக் கடைக்கு வந்திருந்தார். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சிறிய உழவு மெஷின் ஒன்றை வாங்கி, ஹயருக்கு விடத் தொடங்கியிருக்கிறார். நாலு சில்லு, பின்னால் ரொட்டரியும் பூட்டியே வந்த மெஷின். தூர ஊர்களுக்கு அதை ஏற்றிக்கொண்டு போக ஒரு ட்ரெய்லர் பார்த்திருக்கிறார்.

"காக்கா, நல்ல விலைக்கு வருது. வாங்கட்டா?"

"உங்கட மெஷின்ட பாரம் எவ்வளவு தம்பி?"

"இருபத்திரண்டு ஹோஸ்பவர்."

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் 2018இல் இதே கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். மெஷின் வைத்திருப்பவர்களுக்கும், வாங்க நினைப்பவர்களுக்கும், பாரமான எந்தப் பொருளையும் பின்னால் கட்டி இழுப்பவர்களுக்கும் இது உதவும்.

வெலிக்கந்தையில் நடந்தது

சம்மாந்துறையிலிருந்து மட்டக்களப்பு, வாழைச்சேனை வழியாகப் பொலன்னறுவைக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சிறிய உழவு மெஷின் மணிக்கு 20 கிலோமீற்றர்தான் ஓடும். சொந்தச் சில்லில் ஓட்டிக்கொண்டு போனால் ஏழு மணித்தியாலம். தார் வீதியில் ஓடும்போது சேற்றுக்கென்று செய்த டயரின் பற்களும் தேய்ந்துவிடும். கதுருவெலைப் பக்கம் என்னுடைய மச்சான் பத்து நாள் உழவு வேலை பிடித்துத் தந்திருந்தார். எனவே அவசரமாக ஒரு ட்ரெய்லர் வாங்கினேன். ஒற்றை அச்சு, இரண்டு சில்லு, பிரேக் இல்லை, பதிவும் இல்லை. விற்றவர் "ஆயிரம் கிலோ தாங்கும்" என்றார். மெஷின் 780 கிலோ என்று கட்டலொக்கில் இருந்தது. கணக்குச் சரி என்று நினைத்தேன்.

டபுள் கெப்பை மருமகன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். வெலிக்கந்தையைத் தாண்டி நேர் வீதி. வேகம் 70ஐத் தொட்டிருக்கும். பின்னால் யாரோ பிடித்து ஆட்டுவது போல ட்ரெய்லர் இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. மருமகன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். அடுத்த நொடி ஒரு டயர் வெடித்தது. ட்ரெய்லர் குறுக்கே திரும்பி, மெஷின் கட்டறுத்து வீதியோரம் சரிந்தது. எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதற்கில்லை.

மெஷினின் ஸ்டியரிங் பக்கம் வளைந்து, ரொட்டரியின் மூடி நசுங்கியது. பத்து நாள் வேலையும் கைவிட்டுப் போனது. பதிவில்லாத ட்ரெய்லருக்குக் காப்புறுதியில் போய்க் கேட்க எனக்கு வாயில்லை. திருத்தச் செலவையும் இழந்த வருமானத்தையும் கூட்டிப் பார்த்தேன். பிரேக் உள்ள நல்ல ட்ரெய்லர் ஒன்றுக்கும் நான் வாங்கியதற்கும் இருந்த விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு வந்தது.

முதலில் நிறுத்துப் பாருங்கள்

பிறகுதான் மெஷினை ஓர் அரிசி ஆலைக்குக் கொண்டுபோய், நெல் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றினேன். 1,140 கிலோ காட்டியது. கட்டலொக்கில் இருந்த 780, ரொட்டரி பூட்டாத வெறும் மெஷினின் நிறை. ரொட்டரி, சேற்றில் போடும் இரும்புச் சில்லு, டீசல் கேன், ஆயுதப் பெட்டி எல்லாம் சேர்ந்து 360 கிலோ கூடியிருந்தது. ட்ரெய்லரின் சொந்த நிறை 380. ஆக மொத்தம் 1,520 கிலோவை நான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"ஆயிரம் கிலோ தாங்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் தேடினேன். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் இலக்கம் இருக்கும். அது அந்த டயர் சுமக்கக்கூடிய பாரத்தின் குறியீடு. 82 என்றால் 475 கிலோ. 102 என்றால் 850 கிலோ. என்னுடைய ட்ரெய்லரில் இருந்தவை பழைய கார் டயர்கள், குறியீடு 82. இரண்டும் சேர்ந்து 950 கிலோ. அதிலும் ட்ரெய்லரின் சொந்த நிறையைக் கழித்தால், ஏற்றக்கூடியது 600 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வானுக்கும் சிறிய லொறிக்கும் போடும் 185ஆர்14 டயர்களில் 102 என்ற குறியீடு சாதாரணமாகக் கிடைக்கிறது.

எனவே ட்ரெய்லர் பார்க்கப் போகு முன் மூன்று நிறைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, எல்லாம் பூட்டிய நிலையில் மெஷினின் நிறை. இரண்டு, ட்ரெய்லரின் சொந்த நிறை. மூன்று, உங்கள் வாகனம் இழுக்கலாம் என்று அதன் கைந்நூலில் போட்டிருக்கும் நிறை. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதைத் தாண்டக் கூடாது.

மூன்றாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஓர் அளவும், பிரேக் இல்லாததற்கு வேறோர் அளவும் போட்டிருப்பார்கள். பல பிக்கப் வாகனங்களுக்குப் பிரேக் இல்லாத ட்ரெய்லரென்றால் எல்லை 750 கிலோதான். என்னுடைய 1,520 கிலோ அதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே சின்ன மெஷினாக இருந்தாலும் பிரேக் உள்ள ட்ரெய்லரே வேண்டும். முன் வாகனம் வேகத்தைக் குறைக்கும்போது, ட்ரெய்லர் முன்னே தள்ளும் அந்தத் தள்ளலிலேயே தன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. எமது தேவைக்கு அது போதும். மஹியங்கனை பதினெட்டு வளைவுப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூக்கில் எவ்வளவு பாரம்?

டயர் வெடித்தது பாரத்தினால். ஆனால் அதற்கு முன் ட்ரெய்லர் வீசியதே, அதற்குக் காரணம் வேறு. இறக்குவது சுலபம் என்று மெஷினை நன்றாகப் பின்னுக்கு நிறுத்தியிருந்தோம். ரொட்டரி அச்சுக்குப் பின்னால் தொங்கியது. வாகனத்தில் கொளுவும் மூக்குப் பக்கம் பாரமே இல்லை. மூக்கு இலேசான ட்ரெய்லர் வேகம் எடுத்ததும் வாலை ஆட்டத் தொடங்கும்.

ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் மூக்கில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வீசும். கூடினால் முன் வாகனத்தின் பின்பக்கம் பதிந்து, முன் சில்லுகள் இலேசாகி, ஸ்டியரிங் சொல் கேளாது.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நெல் மூட்டை நிறுக்கும் தட்டுத் தராசு போதும். ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். மெஷினை ஏற்றிக் கட்டிய பின், மூக்கு வாகனத்தில் கொளுவும் அதே உயரத்தில் இருக்குமாறு தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதில் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதுதான் மூக்கின் பாரம். குறைந்தால் மெஷினைச் சற்று முன்னுக்கும், கூடினால் சற்றுப் பின்னுக்கும் நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் முன் சில்லு நிற்கும் இடத்தில் தட்டில் பெயின்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு யார் ஏற்றினாலும் அந்தக் கோட்டில் நிறுத்தினால் சரி.

இப்போது என்னிடம் இருப்பது இரட்டை அச்சு, பிரேக் உள்ள ட்ரெய்லர். சொந்த நிறை 520 கிலோ. மெஷினோடு மொத்தம் 1,660. மூக்கில் 166 முதல் 249 கிலோ வரை இருக்கலாம். என்னுடைய கோட்டில் நிறுத்தினால் தராசு 190 காட்டுகிறது. அன்றிலிருந்து அது ஒருநாளும் ஆடவில்லை.

ஆனாலும் எந்த ட்ரெய்லரும் ஒருநாள் ஆடலாம். அப்போது பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஸ்டியரிங்கை வெட்டவும் வேண்டாம். நேராகப் பிடித்துக்கொண்டு எக்சலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் இறங்க ஆட்டமும் அடங்கும். இதை ட்ரெய்லர் இழுக்கும் ஒவ்வொரு சாரதிக்கும் முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். நான் மருமகனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிழை அவருடையதல்ல.

தட்டும் ஏற்றுப் பலகையும்

தட்டின் நீளத்தை மெஷினின் நீளத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ரொட்டரியையும் சேர்த்து அளந்து, அதற்கு மேல் இரண்டு அடியாவது விடுங்கள். கோட்டைத் தேடி முன்னும் பின்னும் நகர்த்த இடம் வேண்டும்.

ஏற்றுப் பலகை, தட்டின் உயரத்தைப் போல நாலு மடங்கு நீளமாக இருக்கட்டும். தட்டு இரண்டு அடி உயரமென்றால் பலகை எட்டு அடி. கட்டைப் பலகையில் சரிவு செங்குத்தாகும். பின்னால் ரொட்டரி தொங்கும் மெஷின் அப்படி ஏறும்போது முன் சில்லுகள் தூக்கி, மெஷின் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழலாம். அந்தப் பயம் உள்ள மெஷினைப் பின்பக்கமாக ஏற்றுவதே நல்லது. ஆனால் அப்படி ஏற்றும்போது பாரமான பக்கம் முன்னுக்கு வரும் என்பதால் மூக்கின் பாரத்தை அந்த நிலையிலேயே அளந்து கோடு போடுங்கள். ஏற்றும்போது ட்ரெய்லர் வாகனத்தில் கொளுவியே இருக்க வேண்டும். ட்ரெய்லரின் பின் மூலைகளுக்குக் கீழே கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் மெஷின் பலகையில் ஏறும் நேரத்தில் மூக்கு மேலே கிளம்பும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஏற்றியதும் ரொட்டரியைத் தட்டில் இறக்கி வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். நாலு மூலையிலும் சங்கிலி போட்டு, இரண்டு முன்னுக்கும் இரண்டு பின்னுக்கும் இழுத்து இறுக்குங்கள். நைலோன் கயிற்றை நம்ப வேண்டாம். என்னுடைய மெஷினைக் கட்டியிருந்ததும் அதுதான். பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் இறங்கி, சங்கிலியையும் டயரையும் ஒருதடவை பாருங்கள்.

வாங்குவதா, ஹயருக்கு எடுப்பதா?

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். புரிவதற்காக வட்டத் தொகைகளைப் போடுகிறேன். இன்றைய விலையை உங்கள் ஊரில் விசாரித்து அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல ட்ரெய்லர் 7 இலட்சம் ரூபா என்போம். டயர், திருத்தம், பதிவுக் கட்டணம் என்று வருடத்துக்கு 50,000. கார் கெரியர் லொறியை ஹயருக்கு எடுத்தால் போய்வர 60,000. சொந்த ட்ரெய்லரில் போனால் டீசல், சாரதிச் செலவு 25,000. ஒரு பயணத்தில் மிச்சம் 35,000.

வருடத்துக்குப் பன்னிரண்டு பயணம் போகிறவருக்கு 4,20,000 மிச்சம். வருடச் செலவைக் கழித்தால் 3,70,000. இரண்டு வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். பெரும்போகத்துக்கு இரண்டு, சிறுபோகத்துக்கு இரண்டு என்று நாலே பயணம் போகிறவருக்குக் கையில் நிற்பது 90,000. முதல் திரும்ப எட்டு வருடமாகும். அவர் ஹயருக்கு எடுப்பதுதான் புத்தி. அல்லது மெஷின்காரர் மூவர் சேர்ந்து ஒரு ட்ரெய்லரை வாங்கலாம். யார் பெயரில் பதிவு, யாருக்கு எந்த நாட்கள், பழுதானால் யார் செலவு என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டால் கூட்டும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.

இன்னொன்று. ட்ரெய்லரும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டிய ஒன்று. பாவித்ததை வாங்கும்போது பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் பாரமான ட்ரெய்லர் இழுக்க "ஈ" என்ற எழுத்துச் சேர்ந்த தனி வகுப்பு இருக்கிறது. உங்கள் சாரதியிடம் அது உண்டா என்பதையும் பாருங்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.

இறக்காமத்துத் தம்பி அன்று விலை பேசாமலே திரும்பிப் போனார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"காக்கா, ஆலையில நிறுத்தன். ஆயிரத்து அறுபது. அவர் காட்டின ட்ரெய்லர்ட டயர்ல எண்பத்திரண்டுதான் இருக்கு."

"அப்ப என்ன முடிவு?"

"இந்தப் போகம் கெரியர்லயே போறன். அடுத்த போகத்துக்குப் பிரேக் உள்ளதாப் பார்ப்பம்."

அவருடைய முதலீட்டுக்கு இனி நான் பயப்படவில்லை.