கெட்டி அட்டை – மெல்லட்டை: விலை வைக்கும் சூட்சுமம்

ஒரே நாவல். உள்ளே ஒரு வரி கூட வித்தியாசம் இல்லை. கெட்டி அட்டையில் ஒரு விலை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து மெல்லட்டையில் வரும்போது பாதியோ, அதற்குச் சற்றுக் கூடவோ. அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பகங்களின் நெடுநாள் வழக்கம் இது.

பைண்டிங் செலவுதான் விலையைக் கூட்டுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஆயிரக்கணக்கில் அச்சிடும்போது அட்டையால் கூடும் அடக்கம், விலையில் கூடும் தொகையில் சிறு பங்குதான். மீதி, காத்திருக்க மனமில்லாத வாசகர் தருவது. மாம்பழ சீசனில் முதல் வரத்துக்கு ஒரு விலை, வரத்து பெருகியபின் ஒரு விலை என்பது நாம் அறிந்ததே. அங்கே வரத்தைத் திறந்துவிடும் மடை பதிப்பாளர் கையிலேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

1935 ஜூலையில் லண்டனில் ஆலன் லேன், பெங்குவின் வரிசையின் முதல் 10 நூல்களை 6 பென்ஸுக்கு வெளியிட்டார். அன்று புது நாவலின் கெட்டி அட்டைப் பதிப்பு சாதாரணமாக ஏழரை ஷில்லிங். அதாவது 15 மடங்கு. புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். 6 பென்ஸில் கடைக்கு நிற்கும் கழிவு எம்மாத்திரம்? அவர்கள் கணக்கிலும் நியாயம் உண்டு. கைகொடுத்தது, 6 பென்ஸுக்கு மேல் எந்தப் பண்டமும் விற்பதில்லை என்றிருந்த வுல்வொர்த் அங்காடி. 63,500 பிரதிகளுக்கு ஆர்டர் தந்தது. அந்தப் பத்தும் முன்பே கெட்டி அட்டையில் வெளிவந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சில்லறைக் கடைக்காரருக்கு உண்மையான சங்கடம் சரக்குத் திருப்புவதில்தான். விற்காத கெட்டி அட்டைப் புத்தகத்தை, குறித்த கெடுவுக்குள், முழுதாகத் திருப்ப வேண்டும். லாரி வாடகை பெரும்பாலும் கடைக்காரர் தலையில். அமெரிக்காவில் சட்டைப்பை அளவு மலிவுப் பதிப்புக்கோ, முன்னட்டையைக் கிழித்து அனுப்பினாலே வரவு வைத்துவிடுவார்கள்; மீதி கூழுக்குப் போக வேண்டியது. அட்டையில்லாப் பிரதி திருட்டுச் சரக்கு என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். வாடகை கொடுக்கக்கூடப் பெறாத சரக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே விவரமறிந்த கடைக்காரர் கழிவு எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிற்பதில்லை. மெல்லட்டை எந்த மாதம் வருகிறது என்றும் கேட்பார். அது வந்தபின் கெட்டி அட்டையைச் சீந்துவாரில்லை. பதிப்பாளர் கிடங்கில் தேங்கியதும், மிச்சச் சரக்கு வாங்குவதற்கென்றே உள்ள வியாபாரிகளிடம் சில வேளை அடக்கத்துக்கும் கீழே கைமாறிவிடும்.