ஸ்கூட்டரில் ஏறிய காளைகள்: அரசுப் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

1996 ஜனவரி 27. அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் இருக்கிற சாய்பாசா நகரம். மேற்கு சிங்பூம் மாவட்டத்தின் துணை ஆணையர் அமித் கரே, கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் திடீர்ச் சோதனை நடத்தினார். துணை ஆணையர் என்றால் நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். ஒதுக்கிய தொகைக்கு மேல் அந்தத் துறை கருவூலத்திலிருந்து பணம் எடுத்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று மாநில நிதித்துறைச் செயலர் வி.எஸ்.துபே சொல்லியிருந்தார். போன இடத்தில் கிடைத்தவை போலி பில்கள்.

மாடு வாங்கியதாக, தீவனம் வாங்கியதாக, மருந்து வாங்கியதாகக் கட்டுக்கட்டாகக் காகிதம் இருந்தது. மாடு இல்லை. தீவனம் வரவில்லை. பிறகு தணிக்கையாளர்களும் சிபிஐயும் எளிமையான ஒரு வேலையைச் செய்தார்கள். காளைகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்ததாக பில்லில் எழுதியிருந்த லாரிகளின் பதிவு எண்களை எடுத்து, போக்குவரத்துத் துறையின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். பல எண்கள் லாரிகளுடையவை அல்ல. ஸ்கூட்டர், ஆட்டோ, போலீஸ் வேன், எண்ணெய் டேங்கர் ஆகியவற்றின் எண்கள். ராஞ்சியின் டோரண்டா கருவூல வழக்கில், அரியானாவிலிருந்தும் டெல்லியிலிருந்தும் 400 காளைகள் வந்ததாகக் கணக்கு. அவை ஏறி வந்ததாகச் சொன்ன வண்டிகளில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் இருந்தன.

அந்த பில்களில் கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. தேதி இருந்தது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

அரசுப் பணம் எப்படி வெளியே போகிறது என்று தெரிந்தால்தான் இதன் கொடுமை புரியும். சட்டமன்றம் ஒவ்வொரு துறைக்குமான மானியக் கோரிக்கையை நிறைவேற்றுகிறது. துறைத் தலைமை அதை மாவட்டங்களுக்குப் பிரித்து ஒதுக்குகிறது. மாவட்ட அலுவலர் பில் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்புகிறார். ஒதுக்கீடு இருக்கிறதா, கையெழுத்து சரியா என்று பார்த்துவிட்டுக் கருவூலம் பணம் தருகிறது. மாதம் முடிந்ததும் வவுச்சர்கள் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகின்றன. இத்தனை கை மாறும்போது யாராவது ஒருவர் பிடித்துவிடுவார் என்பதுதான் ஏற்பாட்டின் நம்பிக்கை. பீகாரில் ஒதுக்கீட்டு ஆணைகளே போலியாகத் தயாராயின. பெரிய தொகை கண்ணை உறுத்தாதபடி பில்களைச் சின்னச் சின்னதாக உடைத்தார்கள். அதிகாரியும் சப்ளையரும் அரசியல்வாதியும் ஒரே பக்கம் நின்றபோது, இத்தனை பேர் பார்க்க வேண்டிய பணத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மொத்தம் போனது சுமார் 950 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள்.

யாருமே எச்சரிக்கவில்லை என்றால்கூட மனசு ஆறும். 1985-லேயே அன்றைய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் டி.என்.சதுர்வேதி, பீகாரின் கருவூலங்களும் துறைகளும் மாதாந்தரக் கணக்கைத் தாமதமாக அனுப்புவதைக் கவனித்தார். இது கையாடலின் அறிகுறியாக இருக்கலாம் என்று முதல்வர் சந்திரசேகர் சிங்குக்குக் கடிதம் எழுதினார். 1992-ல் மாநில லஞ்ச ஒழிப்புப் பிரிவின் காவல் ஆய்வாளர் ஒருவர் இந்த மோசடியை விவரித்து அறிக்கை கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது இடமாற்றமும் பணியிடை நீக்கமும். கடிதத்துக்கும் சோதனைக்கும் நடுவே 11 ஆண்டுகள் ஓடின. சோதனைக்கும், அது நடந்தபோது முதல்வராக இருந்த லாலு பிரசாத் யாதவ் மீதான முதல் தண்டனைக்கும் நடுவே இன்னும் 17 ஆண்டுகள். 2013 செப்டம்பர் 30 அன்று சாய்பாசா கருவூல வழக்கில் அவரும், அவருக்கு முன்பு முதல்வராக இருந்த ஜெகந்நாத் மிஸ்ராவும் குற்றவாளிகள் என்று சிபிஐ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 139 கோடி ரூபாய்க்கு மேல் போன டோரண்டா வழக்கின் தீர்ப்பு 2022-ல்தான் வந்தது.

இந்தத் தாமதம் ஒரு மாநிலத்தின் கதை மட்டும் அல்ல. நம் தணிக்கை முறையின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 148-ஆம் கூறு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை உருவாக்கியது. நாம் பேச்சில் சிஏஜி என்கிறோம். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு கடினமோ, அவரை நீக்குவதும் அவ்வளவு கடினம். அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர், இவரே அரசமைப்பின் மிக முக்கியமான அலுவலராக இருப்பார் என்று கருதினார். ஆனாலும் அவரால் செய்ய முடிவது சொல்வது மட்டும்தான். தண்டிக்க முடியாது, பணத்தைப் பிடுங்க முடியாது, ஒரு குமாஸ்தாவைக்கூட மாற்ற முடியாது. செலவு முடிந்த பிறகு அறிக்கை எழுதி, குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ கொடுக்கிறார். அதை அவையில் வைக்க வேண்டும் என்று 151-ஆம் கூறு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாக் கட்சி அரசுகளும் நழுவுகின்றன. டெல்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படாமல் கிடந்தன. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகே அவை வெளியே வரத் தொடங்கின.

அவைக்கு வந்த அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. நாடாளுமன்றக் குழுவில் 22 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் இருக்க முடியாது. 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் குழு ஒரு பத்தியைக் கையில் எடுக்கும் நேரத்தில், பில்லில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். பதில் சொல்ல வந்திருக்கும் செயலர் துறைக்குப் புதியவராக இருப்பார்.

அதே பீகாரின் 2023–24 நிதிநிலை குறித்த தணிக்கை அறிக்கை 2025-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 70,877 கோடி ரூபாய்க்கான 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் வந்து சேரவில்லை என்கிறது அது. பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது, எந்த வேலைக்குப் பணம் வாங்கினோமோ அந்த வேலைக்கே செலவழித்தோம் என்று துறை எழுதித் தரும் தாள். அது வரவில்லை என்பதால் பணம் திருடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேலை நடந்திருக்கலாம், தாள் மட்டும் வராமல் இருக்கலாம். ஆனால் நடந்ததா இல்லையா என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. 1985-ல் சதுர்வேதியின் கண்ணில் பட்டதும் இதே வகை அறிகுறிதான்.

காகிதம் போய்க் கணினி வந்துவிட்டதே, இனி ஏமாற்ற முடியாதே என்று கேட்பவர்களுக்கு 2020-ல் தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கும். பிரதமரின் கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கே வருகிறது. இடைத்தரகர் இல்லை என்பதே திட்டத்தின் பெருமை. கொரோனா காலத்தில் அந்தத் தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைமாறின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் காணி நிலம்கூட இல்லாதவர்கள் பெயரெல்லாம் விவசாயி என்று ஏறியது. தரகர்கள் கமிஷன் பார்த்தார்கள். சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்ற கணக்குகளுக்கு 110 கோடி ரூபாய் போய்விட்டது என்று அந்த செப்டம்பரில் மாநில வேளாண் துறை அறிவித்தது. தற்காலிகப் பணியாளர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், 34 அதிகாரிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. பணத்தைத் திரும்ப வாங்கக் கிராமம் கிராமமாக அலைய வேண்டியிருந்தது.

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் 2023-ல் சிஏஜி கண்டதும் இந்த வகைதான். ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகளின் பெயருக்கு நேரே ஒரே கைபேசி எண் இருந்தது: பத்து ஒன்பதுகள். அடையாளத்தைச் சரிபார்க்கக் கைபேசி எண் தேவையில்லை என்று அரசு விளக்கம் தந்தது. சரி, அதை ஏற்றுக்கொள்வோம். ஆனால் இறந்ததாக அதே தளத்தில் பதிவான 3,446 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததாக மறுபடியும் 6.97 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறார்களே? செத்தவர் பிழைத்து வந்து ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்பது அவர் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்களைக் கேட்டுப் பார்த்த ஊர்கள் உண்டு. சென்னையில் பிறந்து, ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போன அருணா ராயும் அவருடைய தோழர்களும் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலையில் கூலி குறைகிறது என்பது அங்கே அன்றாடப் புகார். கேட்டால், பதிவேட்டில் நீ செய்த வேலை அவ்வளவுதான் என்பார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை கூடியது. அந்த விசாரணைகளில் நடந்தது எளிமையானது. வருகைப் பதிவேட்டின் நகலை ஒருவர் சத்தமாக வாசிப்பார். பெயர் வரும்போது அந்த ஆள் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்பார். இறந்துபோனவர் பெயர் வந்தால் கூட்டமே சொல்லும். வருடக்கணக்கில் தணிக்கைக்குத் தப்பிய பொய், ஊர் மத்தியில் வாசித்ததும் நிற்க முடியவில்லை. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பது அவர்கள் முழக்கம்.

அதிலிருந்து கிளம்பியதுதான் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு: மாநில அளவில் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது தமிழ்நாடு, 1997-ல். விலக்குகளே அதிகம் இருந்ததால் அது பயன்படாமல் போனது வேறு விஷயம். மத்தியச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். அதைவிட முக்கியமான பகுதி நான்காம் பிரிவு. வரவு செலவு, மானியம் பெறுவோர் விவரம் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலேயே துறை வெளியிட வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் அதிகம் மீறப்படுகிற பிரிவும் அதுதான். இந்த நேரத்தில், 2023-ல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனாலும் பெயர் இல்லாத பயனாளிப் பட்டியலை ஊரில் வாசித்து என்ன பயன்? அந்தரங்கம் காக்கப்பட வேண்டியது. அரசுப் பணம் யாருக்குப் போனது என்பது அந்தரங்கத்தில் சேராது.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ராஜஸ்தானின் அந்த மக்கள் விசாரணையைச் சமூகத் தணிக்கை என்ற பெயரில் சட்டமாகவே ஆக்கியது. கிராம சபையே தணிக்கையாளர். 2017–18 முதல் 2020–21 வரையிலான நான்கு ஆண்டுகளில் நாடெங்கும் இந்தத் தணிக்கைகள் வெளியே கொண்டுவந்த முறைகேடு 935 கோடி ரூபாய். மீட்டது சுமார் 12.5 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 245 கோடி கண்டுபிடிக்கப்பட்டு, 2.07 கோடி மீட்கப்பட்டது. தமிழ்நாட்டின் எண் பெரிதாக இருப்பதால் இங்கே திருட்டு அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஒருமுறையாவது தணிக்கை நடந்ததும் ஒரு காரணம். ஆனால் கண்டுபிடித்த நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை என்றால், கண்டுபிடித்தவர்கள் அடுத்த முறை எதற்காக வாய் திறப்பார்கள்? ஊர்க்காரர் முன்னால் ஊராட்சிச் செயலரைப் பார்த்து, நான் அந்த வேலைக்குப் போகவில்லை என்று எழுந்து சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை தெரியாத ரகசியங்கள் அல்ல. தணிக்கை அறிக்கையை அவையில் வைக்க ஒரு கெடு வேண்டும். சமூகத் தணிக்கையில் பிடிபட்ட தொகையை மீட்கும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் தலையில் இருக்க வேண்டும். மேகாலயா 2017-ல் பல துறைத் திட்டங்களுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் போடலாம். ராஜஸ்தானின் ஜன் சூச்னா தளத்தில் 2019 முதல் ஊராட்சி வாரியாகத் திட்ட விவரங்களைப் பார்க்க முடிகிறது. அதைத் தமிழில் செய்யவும் தடை எதுவும் இல்லை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல், பயனாளிகள் பட்டியலைப் பெயர் பெயராகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.