நெஞ்சை வைத்தல்

ஒரு சமயத்தார் தாம் நம்பும் கொள்கைகளைத் தொகுத்துக் கூறும் உறுதிமொழியை ஆங்கிலத்தில் ‘கிரீடு’ என்பர். இச்சொல் ஆங்கிலத்தில் தோன்றியதன்று. கிறித்தவ சமயத்தோடு அங்குக் குடிபுகுந்தது. கி.பி. 597-இல் உரோமாபுரியினின்று வந்த அகஸ்டின் என்னும் துறவியார் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் சமயப்பணி தொடங்கினார். அச்சமயத்தாரின் விசுவாச அறிக்கை, ‘நம்புகிறேன்’ எனப் பொருள்படும் ‘கிரேதோ’ என்னும் இலத்தீன் சொல்லால் தொடங்கும். அச்சொல்லே பழைய ஆங்கிலத்தில் ‘கிரேதா’ எனத் திரிந்து, அறிக்கை முழுவதற்கும் பெயராயிற்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதற்றொடரால் பெயர் பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, ‘கிரேதோ’ என்பதன் பிறப்பு யாது? வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு மூலத்தினின்று கிளைத்தனவாதல் வேண்டும் என்று 1786-இல் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் உரைத்தார். பின்வந்த மொழிநூலார் அவற்றின் ஒலித்திரிபுகளை ஆராய்ந்தனர். பல சொற்களில், இலத்தீனில் ககரம் வருமிடத்து வடமொழியில் சகரம் வரக் கண்டனர். நூறு இலத்தீனில் ‘கெந்தும்’, வடமொழியில் ‘சதம்’. பத்து முன்னதில் ‘தெகெம்’, பின்னதில் ‘தச’. இம்முறைப்படி ‘கிரேதோ’ என்பதும் வடமொழிச் ‘சிரத்தா’ என்பதும் உடன்பிறந்த சொற்களாம். ‘சிரத்’ என்பது நெஞ்சு என்றும், ‘தா’ என்பது வைத்தல் என்றும் அறிஞர் பலர் பொருள் கூறுவர். கொடுத்தலைக் குறிக்கும் தமிழ்த் ‘தா’ வேறு. ஆகவே, நம்புதலாவது ஒன்றன்மேல் நெஞ்சை வைத்தலேயாம். சிரத்தையையே தெய்வமாக விளித்துப் போற்றும் பாடலொன்று இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உண்டு.

ஒலி ஒத்த அளவானே உறவு கற்பித்தல் தகாது. கடவுளைக் குறிக்கும் இலத்தீன் ‘தேயுஸ்’, கிரேக்கத் ‘தெயோஸ்’ என்னும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றினும் வேர் வேறானவை. முன்னதற்கு உறவு வடமொழித் ‘தேவ’ என்பதே.

தமிழ் இம்மொழிக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. ஆயினும், ‘சிரத்தா’ என்பது ‘சிரத்தை’ என வடிவு திரிந்து தமிழில் வழங்குகிறது. முன்னோர்க்குச் செய்யும் ‘சிராத்தம்’ என்பதும் அதன் வழிப்பட்டதே. ‘சிரத்தையோடு படி’ என்னும்போதோ, நம்பிக்கை என்னும் பழம்பொருள் மறைந்து, கருத்தூன்றுதல் என்பதே எஞ்சி நிற்கிறது.

இலத்தீனில் ‘கிரேதோ’ என்பது தெய்வத்தை நம்புதலை மட்டுமன்றி, ஒருவனை நம்பிப் பொருளை ஒப்படைத்தலையும் குறித்தது. வங்கியார் பேரேட்டில் எழுதும் ‘கிரெடிட்’ அதன் வழிவந்தது. வாங்கியவன் திருப்பித் தருவான் என்று கொடுத்தவன் நெஞ்சை வைத்த இடம் அது.