நாள் வாடகையும் மாதத் தவணையும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பின், இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் பெங்களூரு ரயிலை நம்பியதாயிற்று. விடியற்காலை வண்டியில் சென்று இரவில் திரும்புவோர், நாளடைவில் அந்நகரிலேயே ஓர் அடுக்கக வீட்டை வாங்க விரும்புவது இயல்பே. கடன் கேட்டு வருவோர் சிலர் அண்மைக்காலமாக ஒரு கேள்வியும் கேட்கின்றனர்: “இணையத் தளங்கள் வழியே நாள் வாடகைக்கு விட்டால், தவணை அதிலேயே அடைந்துவிடாதா?”

கணக்கு கவர்ச்சியானதுதான். 30 லட்சம் ரூபாய்க் கடனுக்கு, 9 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய். ஓர் இரவுக்கு 1,500 ரூபாய் என்று கொண்டால், மாதத்தில் 18 இரவுகள் விருந்தினர் தங்கினால் போதும். ஆனால் எத்தனை இரவுகள் விடலாம் என்பதை உரிமையாளர் மட்டுமே முடிவு செய்வதில்லை; வீடு எந்த ஊரில் உள்ளது என்பதும் முடிவு செய்கிறது.

நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாள்களுக்குக் குறைவாக வீட்டை விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். தாமும் அவ்வீட்டிலேயே உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. ஹட்சன் ஆற்றின் மறுகரையில் உள்ள ஜெர்சி சிட்டியிலோ விதி வேறு. 2019 நவம்பரில் மக்களே வாக்களித்து ஏற்ற சட்டப்படி, உரிமையாளர் உடன் தங்காத வீட்டை ஆண்டுக்கு 60 இரவுகள் வரை விடலாம். நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு அந்த வரம்பைப் பொருத்தினால் ஆண்டு வரவு 90,000 ரூபாய். கட்ட வேண்டிய தவணையோ 3,24,000 ரூபாய்!

நம்மவர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதங்களுக்குக் குறைவாகவும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை ஆறு மாதங்களுக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட இயலாது. குடிமக்களில் பெரும்பாலோர் கழக வீடுகளில் வாழும் நாட்டில் இக்கண்டிப்பு வியப்பன்று. பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குள் நுழைந்தால் அந்தச் சட்டம் இல்லை. ஆயினும், அடுக்ககத்தின் நிர்வாக அமைப்பே குறுகிய கால வாடகையைத் தடைசெய்யலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. அதாவது, அங்கே ஊருக்கு ஊர் மட்டுமன்றிக் கட்டடத்துக்குக் கட்டடமும் விதி மாறலாம்.

நம் நாட்டில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்தில் அங்கீகாரம் பெற, உரிமையாளர் குடும்பத்துடன் அவ்வீட்டில் வசிக்க வேண்டும். விருந்தினருக்கு ஆறு அறைகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. தங்கவயலில் வசித்துக்கொண்டு பெங்களூருவில் பூட்டிவைத்த வீட்டை விடுபவருக்கு இத்திட்டம் பொருந்தாது. மாநில அரசுகளின் பதிவு விதிகள் தனி.

எனவே முன்பணம் கொடுக்குமுன் அடுக்ககச் சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதி எங்கள் கோப்பில் ஏறாது. குடியிருப்புக்கெனப் பெற்ற கடனில் வாங்கிய வீட்டை வணிக நோக்கில் பயன்படுத்த வங்கியின் எழுத்துவழி இசைவு தேவைப்படலாம்; கடன் ஒப்பந்தத்தில் அப்பகுதியைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓர் இரவு மட்டுமே தங்குபவருக்கும் இது பொருந்தும்.