கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் எத்தனை அடி?

அக்கரைப்பற்றில் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பெருமை பேசாதவர் குறைவு. "கண்ணாடி மாதிரித் தண்ணி, சவரே இல்ல" என்பார்கள். கடலோர மணலில் அதிகம் தோண்டாமலே நன்னீர் ஊறுவது பெரிய கொடைதான். அந்தத் தண்ணீர் நல்லதா என்று பார்க்க நம்மிடம் உள்ள முறையும் பழகிப்போனது. நிறம் பார்ப்போம், மணம் பார்ப்போம், சுவை பார்ப்போம். மத்ரஸாவில் ஓதிய சட்டமும் இதையொட்டியதே: இரண்டு குல்லத்தளவு தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும், இந்த மூன்றில் ஒன்று மாறாதவரை அது சுத்தமானதே. வுழூச் செய்ய அந்த அளவுகோல் போதும். குடிப்பதற்குப் போதாது. இன்று நம் கிணறுகளுக்குள் வரக்கூடிய இரண்டு பெரிய கெடுதிகளும் இந்த மூன்றிலும் பிடிபடாதவை. ஒன்று நைத்திரேற்று, மற்றது மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பற்றீரியா.

கெடுதி உள்ளே வருவதற்குக் காரணம் தண்ணீரின் நல்ல குணமேதான். நீர் மூலக்கூறு ஒன்றில் ஓர் ஒட்சிசனும் இரண்டு ஐதரசனும் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. அதனால் ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறையேற்றமும் ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேரேற்றமும் தங்கிவிடுகின்றன. உப்பைப் போட்டால் ஒரு முனை சோடியத்தையும் மறுமுனை குளோரைட்டையும் சூழ்ந்துகொண்டு பிரித்தெடுத்துவிடும். குளுக்கோசு இரத்தத்தில் கரைந்து ஓடுவதும், நெல்லின் வேர் சத்தை உறிஞ்சுவதும், சிறுநீரகம் கழிவைக் கழுவி வெளியேற்றுவதும் இந்தக் குணத்தால்தான். வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 60 வீதம் தண்ணீர். பிறந்த குழந்தையில் அது 75 வீதத்தைத் தொடும். ஆனால் எதைக் கரைக்கலாம், எதைக் கரைக்கக் கூடாது என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

வட்டையில் எறியும் யூரியாவில் பயிர் எடுத்ததுபோக மிஞ்சியதையும், மலக்குழியில் சேரும் சிறுநீரையும் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் முதலில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நேரேற்றமுள்ள அமோனியத்தைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும். மறையேற்றமுள்ள நைத்திரேற்றைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அதிலும் நம்முடையது மணல். ஒரு மழை போதும், அது நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் கல்பிட்டியிலும் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றையே உச்சமாக வைத்திருக்கிறது. ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இனி நம் வளவுக்கு வருவோம். பத்துப் பேர்ச் காணி என்பது 2,722 சதுர அடி. அதாவது சுமார் 40 அடி அகலம், 68 அடி நீளம். முன்மூலையில் கொங்கிரீட் வளையம் இறக்கிய கிணறு, பின்மூலையில் மலக்குழி. இரண்டுக்கும் இடையில் ஐம்பது, அறுபது அடி வேண்டும் என்பது அதிகாரிகள் சொல்லும் கணக்கு. உங்கள் வளவில் அதை ஒருவாறு காப்பாற்றிவிடலாம். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டார் குழியை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? அவர்களுடைய குழி உங்கள் கிணற்றிலிருந்து பதினைந்து அடியில் இருக்கலாம். காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து ஐந்தாறு பேர்ச்சாகும்போது கணக்கு இன்னும் மோசமாகும். குழியின் அடியில் கொங்கிரீட் போடாமல் விடுவது நம் வழக்கம், "நிறையாது" என்பதற்காக. நிறையாத குழி எங்கே வடிகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

அதிக ஆபத்து ஆறு மாதத்துக்குக் குறைந்த, பால்மா குடிக்கும் குழந்தைக்கு. வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகாது. கொதி பற்றீரியாவைக் கொல்லும். நைத்திரேற்றை ஒன்றும் செய்யாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சமுள்ள தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உப்புக்கும் இதே கதை.

உப்பைப் பற்றி 2004 டிசம்பர் 26 நமக்குப் பாடம் சொன்னது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, நாடெங்கும் சுமார் 40,000 கிணறுகளைக் கெடுத்தது. உப்பை இறைத்துத் தள்ளிவிடலாம் என்று பலர் மோட்டர் போட்டு விடாமல் இறைத்தார்கள். சில இடங்களில் அதனாலேயே உப்பு கூடியது. நம் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படை. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உவர்நீரை அழுத்திப் பிடித்திருக்கும். மேலே ஓர் அடியை இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். வெள்ளத்துக்குப் பிறகும் இதே எச்சரிக்கை: கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் போடுங்கள்.

நல்ல தண்ணீர் நம் உரிமை என்ற பேச்சு வந்தால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைச் சொல்லாமல் முடியாது. அங்கே அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. நம் அரசியலமைப்பில் தண்ணீருக்கென்று தனி உறுப்புரை இல்லாத நிலையில் வந்த தீர்ப்பு இது. அப்படியான வழக்கை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பெரும்பாலான வீட்டுப் பிரச்சினைகளுக்கு உயர் நீதிமன்றம் வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கேளுங்கள். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். பழைய சோடாப் போத்தலில் நீங்களே பிடித்துக் கொண்டுபோகும் தண்ணீரின் பற்றீரியா முடிவுக்குப் பெறுமதி இல்லை. கிருமி நீக்கிய போத்தலில், குளிரில் வைத்து, தாமதமில்லாமல் கொண்டுபோக வேண்டும். முடிவையும் எழுத்தில் வாங்குங்கள். ஆலையோ கடையோ பக்கத்து வளவோ கழிவைத் திறந்துவிட்டால் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ முறையிடுங்கள். அசையாவிட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அந்தத் தொல்லையை அகற்றக் கட்டளையிடலாம். உங்கள் பகுதி நீரின் பரிசோதனை அறிக்கைகளைத் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தமிழிலேயே கேட்கலாம். நீர் வழங்கல் சபையின் குழாய் பற்றிய முறைப்பாட்டுக்கு 1939 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

குழாய் நீர் என்றதும் ஒன்று. சபைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. "குளோரின் மணக்குது" என்பது காரணம். அந்த மணம் கிருமி கொல்லும் மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம். திறந்த பாத்திரத்தில் சற்று நேரம் வைத்தால் குறைந்துவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்வந்தால், ஒரு மஹல்லாவின் கிணறுகளை ஒன்றாகப் பரிசோதிக்கக் கேட்பது சுலபம். அதுவரை, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் பரிசோதிக்காத கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பாவியுங்கள்.