மறுபடி எடுக்க முடியாத படம்

ரிசப்ஷன் மேடையின் ஓரத்தில் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனைப் பார்த்திருப்பீர்கள். மீசை இப்போதுதான் அரும்பியிருக்கும். “கொஞ்சம் ஏத்துப்பா” என்று போட்டோகிராபர் அண்ணன் சொல்லும்போதெல்லாம் கை தானாக உயரும்; கண் மட்டும் அண்ணனின் கேமராத் திரையை விட்டு நகராது. வீட்டில் ப்ளஸ் ஒன் புத்தகம் காத்திருக்கும். இன்ஸ்டாகிராமில் அவன் பெயரோடு ‘போட்டோகிராபி’ என்று ஒட்டிய ஒரு பக்கமும் இருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்குத் தானே ஆர்டர் பிடித்துவிடலாமா என்பதுதான் அவன் மனதில் ஓடுவது.

இந்த வயதில் படத்தை விற்றவர்கள் இல்லாமல் இல்லை. பின்னாளில் சினிமா இயக்குநராகப் பேர் வாங்கிய ஸ்டான்லி குப்ரிக், 1945ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த செய்தியைத் தாங்கிய நாளிதழ்களுக்கு நடுவே வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்த பேப்பர்க்காரரைப் படம் பிடித்து ‘லுக்’ பத்திரிகைக்கு விற்றார். அப்போது அவருக்கு வயது 16. அடுத்த ஆண்டே அங்கே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். அவருடைய அப்பா கேமரா வாங்கிக் கொடுத்தது 13 வயதில் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் எத்தனை ஃபிலிம் ரோல் வீணாகியிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் பிள்ளையும் பெற்றோரும் முதலில் கேட்பது, “எந்த கேமரா வாங்கலாம்?” என்றுதான். அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: எடுக்கப்போகும் படத்தை மறுபடி எடுக்க முடியுமா, முடியாதா? என்ன விலை சொல்வது, எவ்வளவு கருவி வேண்டும், தப்பு நேர்ந்தால் யார் பதில் சொல்வது எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

மறுபடி எடுக்கக்கூடிய படங்களுக்கு நம்மைச் சுற்றியே ஆள் இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவை விற்கும் பக்கத்து வீட்டு அக்கா, வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவர், ஆன்லைன் டெலிவரிப் பட்டியலில் மங்கலான பிரியாணிப் படத்தோடு காலந்தள்ளும் ஓட்டல்காரர், கவரிங் நகைக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் நல்ல படம் வேண்டும். பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்க் கொடுக்கும் அளவுக்கு அவர்களிடம் பணம் இல்லை. இதற்கு நல்ல போன் ஒன்றே போதும். வடக்குப் பார்த்த ஜன்னல், பின்னால் ஒரு சார்ட் அட்டை, நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது. வெளிச்சம் மெத்தென்று இருக்கும். தெர்மாகோல் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலைக் கரைக்கும். படம் சரியில்லை என்றால் மறுநாள் காலை மறுபடி எடுத்துக் கொடுக்கலாம். பிரியாணிக்கு மட்டும் இன்னொரு தட்டு ஆகும். அதையும் வீணாக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும் பலர் இந்த வேலையைச் சில்லறை வேலை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது, சொன்ன தேதியில் கொடுப்பது, காசு கேட்கக் கூச்சப்படாமல் இருப்பது மூன்றும் இங்கேதான் படியும்.

கல்யாணம் இதற்கு நேர் எதிர். கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. மாமன்மார் மொபைலை உயர்த்துகிறார்கள். அட்சதை லென்ஸின் மேலேயே விழுகிறது. ஹோமப் புகை வேறு. மூன்று முடிச்சும் விழுந்து முடிய சில நொடிகள். “மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்க” என்று சொல்ல முடியாது. சொல்லும் போட்டோகிராபர்களும் இருக்கிறார்கள்; அது வேறு கதை.

அந்த நொடியில் கலைக்கண் மட்டும் கைகொடுக்காது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்தால் படத்தில் வரிவரியாகக் கறுப்புப் பட்டை விழக்கூடும். 1/100 வைத்தால் பட்டை போகும். ஆனால் முடிச்சுப் போடும் விரல் அசைவில் கலங்கிவிடும். ஃபிளாஷ் போட்டால் இரண்டும் சரியாகும். புகையில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் எதிரே வெண்திரை. இந்த மூன்றுக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை யூடியூபில் பார்க்கலாம். கைக்கு வரவேண்டுமானால், அண்ணன் பின்னால் பத்து முகூர்த்தமாவது லைட் பிடித்திருக்கவேண்டும்.

அடுத்தது மெமரி கார்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்யும் திருத்தப்படாத மூலப் படம், ஏறக்குறைய 25 எம்.பி. ஒரு கல்யாணத்தில் 2,000 படம் என்றால் 50 ஜி.பி. அவ்வளவும் தபால்தலை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டில் இருக்கிறது. அது பழுதானால் ஒரு குடும்பத்தின் ஒரு நாளே காணாமல் போகும். அதனால்தான் இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவுக்குத் தொழில்காரர்கள் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், அதில் ஒன்று வேறொருவர் வீட்டில். ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை கார்டை அழிக்கக்கூடாது. புது கேமரா வாங்கிய உற்சாகத்தில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பணம் மிச்சம் வைக்காதவர்கள் ஏராளம்.

விலை சொல்வதற்கு வருவோம். “மாமா பையன்தானே, மூவாயிரத்துக்குப் பண்ணிக்கொடு” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 50,000 ரூபாய், அதன் ஷட்டர் ஒரு லட்சம் படம் வரை தாங்கும் என்று கொண்டால், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் 50 காசு தேய்கிறது. 2,000 படத்துக்கு 1,000 ரூபாய். பஸ், ஆட்டோ 300. மிஞ்சுவது 1,700. மண்டபத்தில் எட்டு மணி நேரம். பிறகு 400 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம் நிறம் திருத்தினால் 13 மணி நேரத்துக்கு மேல். ஆக 21 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாய். ஆல்பம் அச்சடிக்கும் லேப் செலவை இதில் சேர்க்கவே இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு 1,700 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியும். மாமாவுக்கு மகிழ்ச்சி. அடுத்தவரும் அதே விலைக்குத்தான் கேட்பார்.

வேலை எல்லா மாதமும் வராது. தையும் வைகாசியும் ஆவணியும் முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடவைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். தை முகூர்த்தங்கள் முடிந்த சில வாரங்களில் பொதுத்தேர்வு வந்துவிடும். பெற்றோர் கவலைப்படுவது நியாயம்தான்.

இனி சட்டம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903ல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. மைனரான தர்மோதாஸ் கோஷ் தன் வீட்டை அடமானம் வைத்து வட்டிக்காரரிடம் கடன் வாங்கிய வழக்கு அது. இன்றுவரை சட்ட மாணவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று. ஆக, 16 வயதுப் பையன் கையெழுத்துப் போட்ட ஆர்டர் பாரத்தை வைத்து அவன்மேல் ஒப்பந்த மீறல் வழக்குப் போட முடியாது. “அப்பாடா” என்று மூச்சு விடவேண்டாம். கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்த வாடிக்கையாளர்மேல் அவனும் வழக்குப் போட முடியாது.

அப்பா கையெழுத்துப் போட்டால்? அதற்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு சிறுமியை நடிக்கவைக்கப் படத் தயாரிப்பாளர் ஒருவர் அவளுடைய தந்தையோடு ஒப்பந்தம் போட்டார். பிறகு அந்த வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்கு நடந்தது. 1940களின் கடைசியில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. மகள் மைனர் என்பதால் அவள் கொடுக்கும் வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. தந்தை போட்ட ஒப்பந்தத்தில் ஈடாக இருந்ததோ அந்த வாக்கு மட்டும்தான். கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: “என் மகன் எடுத்துத் தருவான்” என்று எழுதாமல், “நான் எடுத்துத் தரச் செய்கிறேன், பொறுப்பு என்னுடையது” என்று பெரியவர் தன் பெயரிலேயே ஆர்டர் எடுக்கவேண்டும். அது அப்பாவாகவும் இருக்கலாம், வேலை கற்றுக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணனாகவும் இருக்கலாம். அட்வான்ஸ் பாதியாவது கைக்கு வந்த பிறகே தேதியை ஒதுக்கவேண்டும். நீதிமன்றத்தைவிட அட்வான்ஸ் வேகமானது.

வேறொருவர் பெயரில் தொழில் தொடங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்ஷா பெயரில்தான் வெளியாயின.

படம் யாருக்குச் சொந்தம் என்பதில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நான் எடுத்தேன், எனக்குத்தான் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவரே என்கிறது, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை. கல்யாணப் பெண்ணின் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட ஆர்டர் பாரத்திலேயே ஒரு வரி எழுதிச் சம்மதம் வாங்கியிருக்கவேண்டும். மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பக்கத்தில் போடுவதை முற்றாகத் தவிர்ப்பது நல்லது. அந்தச் சிறுமி நாளைக்கு உங்கள் பள்ளியிலேயே படிக்கக்கூடும். இந்த விழாவுக்கும் வளைகாப்புக்கும் பெண் போட்டோகிராபரைத் தேடும் வீடுகள் உண்டு. கேமரா பிடிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது நல்ல நுழைவாயில்.

வேலை நேரத்துக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தில்லாத வேலைகளில் வைக்கலாம். மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்பும் கூடாது. ரிசப்ஷன் தொடங்குவது மாலை 7 மணிக்கு. பிரம்ம முகூர்த்தம் விடிவதற்கு முன். நம் கல்யாண நேரத்தைப் பார்த்துத்தான் அந்தப் பிரிவை எழுதினார்களோ என்று சந்தேகம் வருகிறது. மேடையோரம் லைட் பிடிக்கும் பையன்களில் எத்தனை பேர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை ஸ்டூடியோக்காரர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

பணம் வாங்குவது எளிதாகிவிட்டது. 10 வயது நிரம்பியவர் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி, வங்கி வகுக்கும் வரம்புக்குள் இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரியைப் பொறுத்தவரை, மைனரின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படும். சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டியது மட்டும் பிள்ளையின் தனி வருமானமாகவே கணக்காகும். அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஜி.எஸ்.டி. பற்றி இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயமாகும்.

“ட்ரோன் ஷாட் இருக்கா தம்பி?” என்று இப்போது ஊர்ப்புறத்துக் காதுகுத்துக்கே கேட்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பெற 18 வயது ஆகியிருக்கவேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும். அதுவரை இல்லை என்று சொல்லப் பழகுவதே வழி. கேட்டவர் கொஞ்சம் முகம் சுளிப்பார்.

18 வயது நிரம்பியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். 17 வயதில் போட்ட ஒப்பந்தத்தை, “இப்போது எனக்கு வயது வந்துவிட்டது, ஏற்றுக்கொள்கிறேன்” என்று பின்தேதியிட்டு உறுதிசெய்யச் சட்டத்தில் இடமில்லை. வேலையும் தொகையும் தேதியும் குறித்துப் புதிதாக ஒன்று எழுதவேண்டும். பிறந்தநாள் கழிந்து வரும் முதல் முகூர்த்தத்துக்கு ஆர்டர் புத்தகமும் புதிதாக அச்சடிக்கவேண்டும், இந்த முறை தன் பெயரில்.