தொலைவில் அச்சேறும் தமிழ்

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி இடப்பெற்ற ஆண்டு 1870. அக்கம்பி வழியே எழுத்தின் வடிவம் செல்லவில்லை. எழுத்துக்கு ஈடான குறியே சென்றது. தமிழிற் செய்தி விடுப்போர் அதனை உரோமன் எழுத்திற் பெயர்த்தே விடுக்க வேண்டியதாயிற்று. 1969-இல் சென்னை ‘தி இந்து’ நாளிதழ் தன் பக்கங்களைப் படமாக அனுப்பிக் கோயம்புத்தூரில் அச்சிடத் தொடங்கியது. ஈண்டுச் சென்றது குறியன்று, வடிவமே. வடிவம் செல்லுமாயின் எம்மொழி எழுத்துக்கும் இடரில்லை.

இன்று ஜார்ஜ் டவுனில் தமிழாசிரியர் ஒருவர் வினாத்தாளைக் கணினியில் எழுதி, அலுவலக அறையிலுள்ள அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றார் எனக் கொள்வோம். பெறும் பொறி, அல்லது அதனை ஆளும் கணினி, அப்பணியை வரிசையில் நிறுத்தி முறைப்படி அச்சிடும். தாள் வரவில்லையே என்று மும்முறை பொத்தானை அழுத்துவோர்க்கு மூன்று படிகள் கிடைப்பது இதனாலேயே! 1990-இல் விதிகள் வெளியிடப்பெற்ற பழைய முறை, பொறியின் 515-ஆம் எண் வாயிலை நாடும். 1999-இல் வந்த ஐ.பி.பி. முறை 631-ஆம் வாயிலை நாடும்.

தமிழுக்கு இடர் விளைவது இவ்வழியில் அன்று. சென்றது குறியா, வடிவா என்பதே வினா. ‘கெ’ என்பதை நோக்குக. கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முன்னது; ககரம் பின்னது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியிலோ ககரத்தின் எண்ணாகிய 2965 முன்னும், கொம்பின் எண்ணாகிய 3014 பின்னும் நிற்கும். இவற்றை இடம்மாற்றி வடிவாக்கும் திறம் அச்சிடும் இடத்தில் இல்லையாயின், கொம்பு ககரத்தின் பின்னே தொங்கும். எழுத்துருவே இல்லையாயின் வெறுங் கட்டங்களே தாளில் விழும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ்ச் செய்யுள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் நின்றது. தேர்வு நாட்காலையில் இத்தகைய தாள் வந்தால் மாணவன் எதைப் படிப்பான்?

ஆதலின் வடிவையும் உடன்கட்டி அனுப்புதல் வேண்டும். 1984-இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், 1993-இல் வந்த பி.டி.எஃப். கோப்பும் எழுத்துருவைத் தம்முள் பொதிந்து செல்ல வல்லன. கோப்பின் பண்புப் பட்டியலில் எழுத்துருவின் பெயரருகே ‘பொதியப்பட்டது’ என்னும் குறிப்பு உண்டா என முன்னரே பார்த்துக்கொள்ளலாம். சில எழுத்துருக்களை அவற்றின் உரிமையாளர் பொதிய விடுவதில்லை. அந்நிலையில் 1969-இன் வழியே வழி: பக்கத்தைப் படமாக்கி அனுப்புதல். கோப்புப் பெரிதாகும், வரிசையில் பின்னிற்போர் சற்றுக் காத்திருப்பர்.